நீர் செல்லாக் குழாய்

நம்மவர் வீடு கட்டப் புகுங்கால் முகப்பின் அழகினைக் குறித்தும் வாயிற்கதவின் வேலைப்பாட்டினைக் குறித்தும் பல திங்கள் ஆராய்வர், தச்சரை மாற்றுவர், வண்ணந் தேரும் பொருட்டு ஊரெங்குஞ் சென்று பிறர் வீடுகளை நோக்கி வருவர். அடுக்களையிற் கழுவிய நீர் எவ்வழியே புறம் போகும் என்பதை மட்டும் குழாய் பொருத்துவாரிடம் ஒப்புவித்துவிட்டு, அதன்பின் ஒருநாளும் அதனை வினவார். அந்நீர் போகும் வழியில் நீரே செல்லாத குழாய் ஒன்றும் வேண்டும் என்பாரைக் கண்டால் நகைப்பர். அக்குழாயின் பொருட்டே யாம் இக்கட்டுரை வரையத் துணிந்தோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியால் ஆவது என்னை என்று வினவும் நண்பர்களும் உளர். அங்கணம் என்னுஞ் சொல்லைக் கற்பார்க்கு அங்கணத்தைப் பற்றிய அறிவும் ஒரு சிறிது இருத்தல் தகும் என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

அங்கணம் பழஞ்சொல். வள்ளுவனார் அவையறிதல் என்னும் அதிகாரத்தில் இதனை ஆண்டுள்ளார். நெல்லை, குமரி நாட்டு முதியோர் வாயில் இச்சொல் இன்றும் வழங்குகின்றது. அடுக்களையின் ஒரு மூலையிற் சிறிது பள்ளமாகக் கல் பதித்து, சுவரின் அடியில் ஒரு துளை விட்டிருப்பர். பாத்திரங் கழுவிய நீர் அத்துளை வழியே புறஞ்சென்று, திறந்த வாய்க்கால் ஒன்றில் ஓடி, வாழைக்கோ தென்னைக்கோ பாயும். அவ்வழியில் மூடியது என்று ஒன்றும் இல்லை. நீர் போகும் இடமெல்லாங் காற்றும் போயிற்று. நாற்றம் பிறந்த இடத்திலேயே சிதறிற்று. ஈயும் கொசுவும் அதனால் மிகுந்தன என்பது உண்மையே. பழமை அனைத்தும் நன்று என்று யாம் சாதிக்க வந்தோமல்லேம். எனினும், அவ்வங்கணத்தில் காற்றுக்கென்று தனிவழி தேடவேண்டிய தேவை எழவில்லை என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துக் கொள்க.

பின்னர் சிங்க் என வழங்கும் கழுவுதொட்டி வந்தது. நின்றவாறே கழுவும் வசதியை அது தாய்மார்க்கு அளித்தது. அதனைப் பழிப்பார் யார்? ஆனால் அதனோடு மூடிய குழாயும் வந்தது. குழாயின் மறுமுனை பாதாளச் சாக்கடையிலோ, வீட்டின் பின்புறத்துச் செப்டிக் டேங்கிலோ முடிந்தது. நீரை மூடியவர்கள் அதனோடு அழுகிய காற்றையும் மூடிவிட்டனர். மூடிய காற்று தனக்கொரு வழி தேடும். அதற்குக் கிடைப்பது அடுக்களையிலுள்ள தொட்டியின் வாயேயாம்.

இதனைத் தடுக்க அறிஞர் கண்ட உபாயம் மிக எளிது. குழாயை ஓரிடத்திற் கீழ்நோக்கி வளைத்து மீண்டும் மேலே கொண்டு செல்வது. அவ்வளைவிற் சிறிது நீர் எப்பொழுதும் தங்கிநிற்கும். அந்நீரைக் கடந்து காற்று வரமாட்டாது. இலண்டன் நகரிற் கடிகாரஞ் செய்பவராயிருந்த அலெக்சாந்தர் கம்மிங் என்பார் 1775ஆம் ஆண்டில் இத்தகைய வளைவுடைய கழிப்பறை அமைப்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். தொழிலாளர் இவ்வளைவை ட்ராப் என்பர்; யாம் நீர்ப்பூட்டு என்போம். குளியலறைத் தரையில் நஹானி ட்ராப் என்றும், தொட்டியின் அடியிற் பாட்டில் ட்ராப் என்றும், புறத்தே கல்லி ட்ராப் என்றும் பல பெயரால் நாம் காண்பன எல்லாம் இதன் வகைகளே. இரண்டு அங்குல நீர், அவ்வளவே, வீட்டாரையும் சாக்கடையையும் பிரித்துநிற்கும் சுவர்.

இச்சுவர் கல்லால் ஆயதன்று, நீரால் ஆயது. ஆதலின் இதனை உறிஞ்சி இழுக்கவுங் கூடும்.

எண்ணெய்த் தகரத்தில் ஒரே துளையிட்டுக் கவிழ்ப்போமாயின் எண்ணெய் விக்கி விக்கி விழும். எதிர்மூலையில் இன்னொரு துளை இட்டவுடன் தாரையாக ஒழுகும். இரண்டாந் துளை வழியே ஒரு துளி எண்ணெயும் வருவதில்லை. ஆயினும் அதனை வீண் என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. கழிநீர்க் குழாயின் இயல்பும் இதுவே. தொட்டி நிறைய நீரைத் தேக்கித் திடீரென விடும்பொழுது அந்நீர் குழாயை முற்றும் அடைத்துக்கொண்டு, பீச்சாங்குழலின் உள்ளிருக்கும் தண்டினைப் போல இறங்குகின்றது. அதன் பின்னே காற்றின் அழுத்தங் குறைகின்றது. குறைந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். வேறு வழியில்லையாயின், தொட்டியின் பக்கத்திலுள்ள வெளிக்காற்று நீர்ப்பூட்டின் நீரை முன்னே தள்ளிக்கொண்டு உட்புகும். அப்பொழுது எழும் ஓசையைத்தான் தாய்மார் ‘சிங்க் குடகுடவென்கின்றது’ என்பர். அடைப்பு என்று கருதி அமிலம் வாங்கி ஊற்றுவாரும் உளர். பல சமயங்களில் அது அடைப்பன்று, மூச்சுத்திணறல்.

நீரை இழக்கும் வகை இரண்டாம். ஒன்று, தன் நீரே தன் பூட்டை இழுத்துச் செல்வது. மற்றொன்று, அதே குழாயிற் சேர்ந்த வேறொரு தொட்டியின் நீர் இதன் பூட்டை இழுப்பது. அடுக்களைத் தொட்டிக்கு முதலாவதனால் வருந் தீங்கு சிறிதே. அதன் அடி தட்டையாதலின், பெருநீர் போனபின்னும் எஞ்சிய நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வந்து பூட்டை மீண்டும் நிரப்பிவிடும். முகங்கழுவும் வட்டக்கிண்ணத்துக்கு அப்பேறு இல்லை. இரண்டாவதோ கொடிது. மாடிவீட்டார் தம் தொட்டியைத் திறந்துவிட, கீழ்வீட்டார் உறங்குங்கால் அவர்தம் பூட்டு வறிதாகும். மறுபடி நிரப்பக் கீழே யாரும் நீர் விடுவாரில்லை. காலையில் அடுக்களைக் கதவைத் திறப்பவர், எலி செத்ததோ என்று மூலை முடுக்கெல்லாந் தேடுவர்.

இவ்வாறு தேடிய வீடுகளுள் எம் வீடும் ஒன்று. கடந்த கோடை விடுமுறையில் எந்தையார் மேல்மாடியில் ஒரு சிறு குடும்பம் குடியிருத்தற்கேற்ற பகுதி எடுத்து, அதில் ஓர் அடுக்களையும் அமைத்தனர். கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் புறச்சுவரில் நின்ற 75 மில்லிமீட்டர் நிலைக்குழாய் ஒன்றிற் சேர்ந்தன. அந்நிலைக்குழாயின் உச்சி, மேல்தொட்டியின் இணைப்புக்குச் சற்று மேலே, ஒரு மூடியால் அடைக்கப்பட்டது. சுவரின் தோற்றங் கெடாதிருக்கும் என்பது காரணம். குடிவந்தோர் முதல்நாள் சமைத்த மாலையே கீழ்த்தொட்டி குடகுடவென்றது. எம் அன்னையார் மூன்று நாள் சாம்பிராணி இட்டுப் பார்த்தனர். நான்காம் நாள் குழாய் பொருத்துவார் வந்து நோக்கினர். மூடியை அறுத்துவிட்டுக் குழாயை மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தலாகாதோ என்று யாம் வினவ, “தம்பி, தண்ணி போகாத குழாய்க்கு அப்பா எதுக்குக் காசு கொடுக்கணும்?” என்றனர். அவர் கூறியது ஏளனமன்று. எம் தந்தையின் பொருள் வீணாகலாகாது என்னும் அன்பினாற் கூறியது. நாட்டில் நிலவும் எண்ணத்தையே அவர் வாய் உரைத்தது.

முடிவில் மூடி அறுபட்டது. குழாய் மேல்தளத்தின் கைப்பிடிச்சுவரைக் கடந்து நின்றது. மேல்தொட்டியின் ஓசை அன்றே அடங்கிற்று. கீழ்த்தொட்டியோ சிறிது அடங்கிற்றேயன்றி முற்றும் அடங்கவில்லை. ஏனெனின் அதன் பூட்டிலிருந்து நிலைக்குழாய் வரையுள்ள கிடைக்குழாய் பத்தடிக்கு மேல் நீண்டிருந்தது. ஆகவே அதன் பூட்டுக்கு அண்மையில் 40 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை மேல்நோக்கி எடுத்து, மேல்தொட்டியின் விளிம்புக்கு அரையடிக்கு மேலான இடத்தில் நிலைக்குழாயோடு இணைத்தனர். அதன்பின் ஓசையும் இல்லை, சாம்பிராணியும் இல்லை.

பத்தடி நீளம் ஏன் தீது என்பது சிறுவரும் போடத்தக்க கணக்கே. ஒன்றரை அங்குல விட்டமுள்ள குழாய் ஓரடிக்குக் கால் அங்குலம் வீதஞ் சாய்ந்து செல்கின்றது எனக் கொள்வோம். ஆறடி சென்றதும் அது ஒன்றரை அங்குலந் தாழ்ந்துவிடும். அஃதாவது தன் விட்டம் முழுதுந் தாழ்ந்துவிடும். அதற்கப்பால் காற்றுக்குழாயை வைத்தால், அதன் வாய் நீர்ப்பூட்டின் நீர்மட்டத்துக்கும் கீழே போய்விடும். இடையிலுள்ள குழாய் நீர் நிறைந்து சைபனாகிப் பூட்டை வற்ற இழுக்கும். அமெரிக்க நாட்டில் வழங்கும் குழாய்விதித் தொகுதிகளுள் ஒன்று இவ்வளவு குழாய்க்கு 6 அடியை எல்லையாக வைத்தது இக்கணக்கினாலேயே. இன்னொன்று மேலும் அஞ்சி 3½ அடியோடு நிறுத்திற்று. இஃதன்றி, காற்றுக்குழாயைக் கிடைக்குழாயின் மேற்பாதியிலிருந்து எடுத்தல் வேண்டும் என்பதும் விதி. நம் அடுக்களைக்கு இது மிகவும் பொருந்தும். வடிகஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆறி உறையும்பொழுது குழாயின் அடியிலும் பக்கத்திலும் படியும். கீழ்ப்பாதியில் எடுத்த காற்றுக்குழாயின் வாயை அவை சில ஆண்டுகளில் தூர்த்துவிடும்.

இவ்விதிகள் ஒருநாளிற் பிறந்தனவல்ல. இலண்டன் நகரத்துக் குழாய்வினைஞர் ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் என்பார் 1877ஆம் ஆண்டிலேயே தம் தொழிலைப் பற்றி நூல் வெளியிட்டார். அமெரிக்க அரசின் தரநிர்ணயப் பணிமனையில் ராய் ஹண்டர் என்பார் 1920களில் குழாய்களைச் சோதித்து ஆராய்ந்தார். ஒரு குழாய்வினைஞர் தம் கைத்தொழிலை நூலாக எழுதினார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. நம் நாட்டில் இத்தொழிலைச் செய்வார் ஆயிரவர். அவர் அறிந்ததைத் தமிழில் எழுதி வைத்தார் எத்துணையர்? இது வேறு கட்டுரைக்குரிய பொருள்; நிற்க.

காற்றுக்குழாய் வேண்டா என்பார் கூறும் காரணங்களைச் சிறிது நோக்குவாம். ‘எம் பாட்டி வீட்டில் இஃது இருந்ததா?’ என்பர் சிலர். பாட்டி வீட்டு அங்கணம் முழுதுமே காற்றுக்குழாய் என்பதை முன்னரே கூறினோம். ‘கல்லி ட்ராப் இருக்கின்றதே, அது போதாதா?’ என்பர் வேறு சிலர். இவர் கூற்றில் உண்மை உண்டு. தரைத்தளத்திலுள்ள ஒற்றைத் தொட்டியின் குழாய் குறுகியதாய், நேரே வெளியே சென்று, திறந்த சல்லடையுடைய கல்லி ட்ராப்பின்மீது விழுமாயின், அச்சல்லடையே காற்றுக்கு வழியாகும். தனிக்குழாய்க்கு அங்கே தேவையில்லை. அத்தகைய வீட்டாரைச் செலவு செய்யத் தூண்டுவது எம் கருத்தன்று. ஆனால் மாடி எழுந்து, இரண்டு மூன்று தொட்டிகள் ஒரே நிலைக்குழாயிற் சேர்ந்தபின் அவ்விடை செல்லாது.

செலவைப் பற்றிய தடையோ கேட்கத் தகாதது. சில மீட்டர் குழாயும் இரண்டொரு வளைவும் உச்சியில் ஒரு தொப்பியும், இவ்வளவே பொருள். வீட்டு வாயிலிற் பதிக்கும் பளிங்குப் பெயர்ப்பலகையின் விலைகூட இராது. பின்னர் சுவரை உடைத்துச் செய்வதாயின் அது வேறு கணக்கு. ஆதலின் பூச்சுவேலைக்கு முன்னரே செய்துவிடல் அறிவுடைமை.

‘மேலே திறந்த குழாய் நாறாதோ? கொசு வாராதோ?’ என்பது நியாயமான வினா. நாற்றம் உயரத்திற் சிதறிப்போம். ஆயின் குழாயின் வாய் சாளரத்துக்கு அருகில் இருத்தல் ஆகாது. மேல்தளத்தில் ஆள் நடமாட்டம் உண்டாயின் 7 அடி உயர்த்துக என்று அமெரிக்க விதியொன்று கூறும். வற்றல் உலர்த்தவும் துணி காயவைக்கவும் மொட்டைமாடி ஏறும் நம்மவர்க்கு இவ்விதி அவர்களினும் மிக ஏற்றது. கொசுவைத் தடுக்கக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுவது நம் ஊர்களிற் பலரும் அறிந்த முறையே. வலையைக் கட்டலாம், கந்தையைத் திணித்தலும் சிமெண்டு பூசுதலும் கூடா. அவ்வாறு அடைத்தாரைக் கேட்டால் கொசுவுக்காக அடைத்தோம் என்பர். கீழே நஹானி ட்ராப் வறண்டு, அவ்வழியே கரப்பான்பூச்சி ஏறிவருவதைக் காணார்.

குழாயை மாடிவரை உயர்த்த இடமில்லாத வீடுகளுக்கென, 1970களில் சுவீடன் நாட்டில் ஒரு சிறு கருவி செய்தனர். குழாயினுள் அழுத்தங் குறையும்பொழுது அதன் இதழ் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். குறைவு நீங்கியவுடன் இதழ் தானே விழுந்து மூடிக்கொள்ளும். தொட்டியின் கீழேயே இதனைப் பொருத்தலாம். நல்ல கருவியே, எனினும் இது காற்றை உள்ளே விடுமேயன்றி வெளியே விடாது. கீழிருந்து அழுத்தம் மிகுந்து வருங்கால் இதனாற் பயனில்லை. இதழில் அழுக்குப் படிந்தால் மூடாதும் போகும். ஆகவே வீட்டில் எங்கேனும் ஒரு குழாயாவது வானத்தை நோக்கித் திறந்திருத்தலே நலம்.

இனி, இவ்வளவும் மூக்குக்கு மட்டும் உரிய குறையா என்பதை ஆராய்வோம். சாக்கடை நாற்றமே குடற்காய்ச்சலை உண்டாக்கும் என 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டார் பலர் நம்பினர். அது பிழை, அக்காய்ச்சல் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவது எனப் பின்னர்த் தெளிந்தனர். பிழையென்று தெளிந்ததைக் கொண்டு, வற்றிய நீர்ப்பூட்டால் நோயே வாராது என்று சிலர் முடிவு கட்டினராயின், அதுவும் பிழையே. 2003ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரத்து அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோயுற்றனர். அங்கே குளியலறைத் தரையிலுள்ள நீர்ப்பூட்டுகள் பல வற்றிக் கிடந்தன என்றும், காற்றை வெளியேற்றும் விசிறிகள் கழிவுக்குழாயின் நுண்துளிகளை அறைக்குள் இழுத்தன என்றும், நோய் பரவியதற்கு இஃதொரு காரணம் என்றும் ஆராய்ந்தோர் கூறினர். அப்பூட்டுகள் நீர் ஊற்றுவாரின்றி வற்றியவை. எம் வீட்டுப் பூட்டோ உறிஞ்சப்பட்டு வற்றியது. வற்றியபின் இரண்டுக்கும் வேறுபாடு யாது? வீட்டாருக்கும் சாக்கடைக்கும் இடையே சுவர் இல்லை.

அழுகிய முட்டையின் மணமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவும் அக்குழாய்களில் உண்டு. அது மிகுந்த இடத்தில் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். செப்டிக் டேங்கினுள் இறக்கப்பட்ட தொழிலாளர் உயிரை வாங்கும் வாயுக்களுள் இதுவும் ஒன்று. அடுக்களைக்கு வருவது அவ்வளவு செறிந்ததன்று. ஆனால் தலைவலியும் குமட்டலும் தர அது போதும். மேலும், அடுக்களையில் அதிக நேரம் நிற்பவர் வீட்டின் தலைவரல்லர். குழாயின் உச்சியை மூட ஆணையிடுபவர் கூடத்தில் இருக்கின்றார். அதன் பயனை நுகர்பவர் தாயும், தமக்கையும், பாத்திரந் தேய்க்க வரும் ஏழைப் பெண்ணுமாவர். வாடகைக்கு விடும் வீடுகளில் இக்கேடு இன்னும் பெரிது. குடியிருப்போர்க்கு நிலைக்குழாயைத் தொடும் உரிமை இல்லை. உரிமையுடையார்க்கு அந்நாற்றம் எட்டுவதில்லை.

ஆகவே எம் கருத்து இது. வீட்டு வரைபடத்தில் முன்தோற்றம் வரைவது போலவே, ஒவ்வொரு தொட்டியின் நீரும் எவ்வழியே இறங்குகின்றது, காற்று எவ்வழியே ஏறுகின்றது என்பதையும் ஒரு தாளில் வரைதல் வேண்டும். வீட்டுக்குரியவர் அத்தாளைக் கேட்டு வாங்குதல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிற் குழாய்த்தொழில் கற்கும் இளைஞர்க்கு, பொருத்தும் முறையோடு காரணமும் கற்பிக்கப்படல் வேண்டும். அதற்கேற்ற கூலியும் அவர்க்கு வேண்டும். காரணம் அறிந்த தொழிலாளர் வீட்டுக்காரரின் பேச்சுக்கு இணங்கி மூடியை வையார். வீட்டுக்காரரோ, அவரைத் தெருவில் நின்று பேரம் பேசி அமர்த்துவதை விடல் வேண்டும்.

இக்கட்டுரையைப் படிப்போருட் பலர் இன்று வீடு கட்டும் நிலையில் உள்ளோரல்லர். எம்மைப் போலப் பெற்றோர் வீட்டில் உண்பவரே. அவர்களும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. துடைப்பத்திலிருந்து நீண்ட ஈர்க்கு ஒன்றை எடுத்து, நஹானி ட்ராப்பின் சல்லடையை நீக்கி, நேரே அடிவரை விட்டு வாங்கி, நனைந்த அளவைக் குறித்துக்கொள்க. தொட்டியின் கீழ்ப் பாட்டில் ட்ராப் இருப்பின் தொட்டியின் துளை வழியே அதனையும் அவ்வாறே அளக்கலாம். பின்னர் மேல்மாடித் தொட்டியை நிரப்பி, அடைப்பானை ஒரே இழுப்பில் எடுத்து, நீர் முழுதும் இறங்கும்வரை கீழே செவிமடுத்து நிற்க. அதன்பின் ஈர்க்கை மறுபடியும் விட்டுப் பார்க்க. ஒருமுறை பார்த்தது போதாது. மூன்றுமுறை நீர் விட்டு மூன்றுமுறை பார்த்தல் நன்று. நனைந்த அளவு குறைந்துகொண்டே வருமாயின், மொட்டைமாடிக்கு ஏறிச் சென்று நிலைக்குழாயின் உச்சி எவ்வாறு இருக்கின்றது என்று காண்க.